அண்டா விளிம்பில் மூன்று புள்ளி

நம் பாத்திர வாடகைக் கடையின் ஆண்டு மலர் ஒன்றைப் போன வாரம் என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பளபளக்கும் தாள், முதலாளிகளின் படங்கள், நடுவில் ஒரு பக்கம் முழுக்க நம் அண்டா. அதன் விளிம்பில் இருக்கும் மூன்று புள்ளிகளுக்குக் கீழே ஒரு விளக்கம் போட்டிருக்கிறார்கள். அறம், உழைப்பு, அன்பு என்ற மூன்றையும் அவை குறிக்கின்றனவாம்.

சுத்தப் பொய். எழுதியவர் கிடங்குப் பக்கம் கால் வைத்திருக்க மாட்டார்.

தூக்கி எறியத்தான் நினைத்தேன். ஆனால் கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்களும் அதைத்தான் படித்திருப்பீர்கள். நாளைக்கு ஒரு வாடிக்கைக்காரர் கேட்டால் அறம், அன்பு என்று ஒப்பிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். அந்தப் புள்ளிகள் எல்லாப் பாத்திரங்களிலும் ஏறியதற்கு நான் செய்த ஒரு தப்புதான் காரணம். முப்பத்தைந்து வருடம் அந்தக் கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. சொல்ல வேண்டியவன் நான்தான்.

பாத்திரம் துலக்குவது, ஈயம் பூசக் கொடுப்பது, வண்டியில் அடுக்குவது எல்லாம் அங்கேயே கற்றுக்கொள்வீர்கள். அதை நான் எழுதவில்லை.

நான் சேர்ந்தபோது மயிலாப்பூரில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விட்ட கடைகளில் நம்முடையதுதான் பெரியது. கிடங்கில் வலது பக்கம் முழுக்க வாடகைச் சாமான். இடது பக்கம் ஒரே ஒரு மரப்பலகை. அதன் மேல் இரண்டு பெரிய பித்தளை அண்டா, ஒரு கொப்பரை, நாலைந்து கரண்டிகள். அவை மட்டும் விளிம்பில் மூன்று புள்ளி குத்தியவை. தர்மப் பாத்திரம் என்று பெயர். பக்கிங்காம் கால்வாய் ஓரக் குடிசைகளில் தீப்பிடித்தாலோ, வெள்ளம் வந்தாலோ, அங்கிருந்து யாராவது வந்து கேட்டால் உடனே கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு மூட்டை அரிசியும் விறகும் போகும். பேர் கேட்கக் கூடாது. எப்போது திருப்புவாய் என்று கேட்கக் கூடாது. எந்த முகூர்த்தமானாலும் அவற்றை வாடகைக்கு விடக் கூடாது. முதலாளியின் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

எப்போதும் ஒரு சோடு தயாராக இருக்க வேண்டும், அதற்காகத்தான் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். உங்களைப் போலத்தான். வேலைக்கு வந்த இடத்தில் யாரும் பலகையைப் பார்த்து ஏன் என்று கேட்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். வைகாசி மாதம், பெரிய முகூர்த்த நாள். கிடங்கில் ஒரு கரண்டி மிச்சமில்லை. மாம்பலம் ஏரியை மேடாக்கித் தியாகராய நகர் என்று புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்களே, அங்கே ஒரு வீட்டுக்குப் போன சாமான் மட்டும் அன்று நடுப்பகலில் திரும்பி வர வேண்டும். அதுவும் மறுநாள் விடிகாலை அடையாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் பேசி வைத்தது. முதலாளி காஞ்சிபுரம் போயிருந்தார். நான் தனியாள்.

காலை ஏழு மணிக்கு மாட வீதிக் கல்யாண வீட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். பெண்ணுக்கு மாமா. பட்டு வேஷ்டி, நெற்றியெல்லாம் வேர்வை. பெரிய வக்கீல் வீடு அது. சாமான் நம் கடையிலிருந்து போனதுதான்.

"என்னய்யா கடை நடத்தறேள்? அண்டா அடியில பொத்துண்டு ஒழுகறது. சாம்பார் பாதி அடுப்புல, பாதி தரையில. எனக்கு இப்பவே ரெண்டு அண்டா வேணும்."

"சாமான் எல்லாம் வெளியில போயிருக்கு சாமி."

அவர் இடது பக்கம் கையை நீட்டினார். "அது என்ன? அழகு பாக்க வச்சிருக்கேளா?"

"அது வாடகைக்கு இல்லீங்க. தர்மத்துக்கு."

"எங்காத்துல ஐநூறு பேர் எலையில உக்காரப் போறா. அதைவிட என்னய்யா தர்மம்? நான் வெறுங்கையோட போனா எங்க அத்திம்பேர் என்னை முழுங்கிட்டு, மத்தியானத்துக்குள்ள உம்ம கடையையும் முழுங்கிடுவார். பாத்துக்கும்."

சும்மா மிரட்டல் இல்லை. ஒழுகும் அண்டாவைக் கொடுத்தது நாம். அந்த வக்கீல் ஒரு வார்த்தை சொன்னால் மயிலாப்பூரில் பாதி வீடு வேறு கடைக்குப் போய்விடும். என் வேலையும் போகும். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

பலகையிலிருந்து அண்டாக்களை இறக்கினேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணத்துக்குப் போகும் பாத்திரத்துக்கு விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்புவது நம் கடை வழக்கம். விரல் நுனியால் ஒரு தொடு, அவ்வளவுதான். அன்று நான் சந்தனத்தைக் குழைத்து மூன்று புள்ளிகளும் மறையும்படி அப்பினேன். கை தானாகவே போயிற்று. அவசரத்தில் ஒன்றைச் செய்யும்போது கை எதையாவது மூடப் போகிறதென்றால், நிறுத்துங்கள். செய்வது தப்பு என்று புத்திக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடுகிறது. நான் நிறுத்தவில்லை. வண்டி மாட வீதிக்குப் போய்விட்டது.

பதினொரு மணிக்குக் கால்வாய்ப் பக்கம் புகை எழுந்தது. கடை வாசலில் நின்று பார்த்தேன். வைகாசிக் காற்று, எல்லாம் கீற்றுக் குடிசை.

பன்னிரண்டு மணிக்குக் கன்னியம்மா வந்தாள். நாற்பது வயது இருக்கும். கால்வாயில் படகிலிருந்து விறகு இறக்கும் வேலை. தீயோ வெள்ளமோ, பாத்திரம் கேட்டு வருவது எப்போதும் அவள்தான். புடவை ஓரம் கருகியிருந்தது. பின்னால் இரண்டு பெண்கள்.

"இன்னா நைனா, மொத்தமும் பூடுச்சு. ஆளுங்க பொழச்சிக்கினாங்க, அத்தோட சரி. பசங்க காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. சாமானக் குடு."

பலகை காலியாக இருந்தது.

"ஈயம் பூசப் போயிருக்கு," என்றேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"ஈயம் பூசவா? காலைல வண்டில போச்சே, மூஞ்சி நெறைய சந்தனம் பூசிக்கினு, மாப்பிள்ள மாதிரி."

"அது வேற அண்டா."

"வேறயா? விளிம்புல நசுங்கிக் கீது பாரு, அது போன வெள்ளத்துல நான் கீழ போட்ட நசுங்கல் நைனா. நீ சந்தனத்த புள்ளி மேலதானே பூசுன? நசுங்கல் மேல எத்தப் பூசுவ?"

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள்.

"அந்தப் புள்ளி எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?" என்றாள் கன்னியம்மா. "நாங்க தொட்டத அவங்க தொடக் கூடாது, கலந்துடப் போவுதுன்னு குத்தி வெச்ச புள்ளி அது. எங்கப்பன் காலத்துலேர்ந்து தெரியும். தெரிஞ்சிதான் வாங்கிக்கினு போறோம். பசிக்குதே. இன்னிக்கி அவங்களுக்கு அண்டா இல்லன்னதும் புள்ளி அழிஞ்சிபோச்சா?"

மூன்று வருடம் அந்தப் பலகையைத் தினம் துடைத்தவன் நான். அந்த நிமிடம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை.

"சரி வுடு. நான் மாட வீதிக்குப் போயி, எங்க அண்டாவக் குடுங்கன்னு கேட்டுக்கறேன்."

மிரட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. பாத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கேட்கப் போகிறாள், அவ்வளவுதான். ஆனால் அவள் அந்தப் பந்தலில் போய் நின்றால் கடை அன்றோடு முடிந்தது. அவளை என்ன செய்வார்களோ, அதுவும் நிச்சயமில்லை.

அந்த நேரத்தில்தான் தியாகராய நகர் வண்டி வந்து நின்றது. நாலு அண்டா, இரண்டு கொப்பரை, எல்லாம் அந்த வருடம் புதிதாக வாங்கியவை.

"அது இன்னா?" என்றாள்.

"அது நாளைக்கு அடையாறு போகணும். வாடகைச் சாமான்."

"அதுல சோறு வேவாதா?"

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். காலையில் வக்கீல் வீட்டுக்குப் பயந்து தர்மப் பாத்திரத்தைக் கொடுத்தவன், இப்போது குடிசைக்கு வாடகைப் பாத்திரம் இல்லையென்று சொன்னால் அப்புறம் நான் எதற்கு? இது என் மனதில் வாக்கியமாக ஓடவில்லை. வண்டிக்காரரிடம், "இறக்காதே, அப்படியே கால்வாய்க்கு ஓட்டு," என்றேன். அரிசி மூட்டையையும் விறகையும் நானே தூக்கிப் போட்டேன். நானும் கூடப் போனேன். கரிந்த தரையில் கல் வைத்து அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். சந்தனம் குங்குமம் அழியாத புது அண்டாவில்.

ஆக ஒரே நாளில் கடையின் சட்டம் இரண்டையும் உடைத்துவிட்டேன். குடிசைப் பாத்திரம் கல்யாணத்தில், கல்யாணப் பாத்திரம் குடிசையில்.

நாலு மணிக்கு முதலாளி காஞ்சிபுரத்திலிருந்து வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலியாக இருந்த அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்தார்.

"அவ சொன்னது நெசந்தான்," என்றார். "எங்க தாத்தா செஞ்சது தர்மம். எங்க அப்பா வெச்சது புள்ளி. குடிசைக்குப் போய் வந்த அண்டான்னு தெரிஞ்சு நாலு வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. தர்மத்தையும் விட முடியல, வாடிக்கையையும் விட முடியல. புள்ளி குத்திப் பிரிச்சு வெச்சுட்டார்."

"என்னை வேலையை விட்டு நிறுத்திடுங்க," என்றேன்.

"அதை அப்புறம் பாக்கலாம். இப்ப வாயை மூடு. மாட வீதிக்குத் தெரியக் கூடாது."

அவரை மகான் என்று மலரில் எழுதியிருக்கிறார்கள். அன்று அவர் எனக்கு முதலில் இட்ட உத்தரவு இதுதான். வாயை மூடு. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்து மணிக்குப் பெண்ணின் மாமா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை வாயெல்லாம் பல், கையில் தாம்பூலம், தட்டில் பட்சணம்.

"முதலாளி, மானத்தைக் காப்பாத்திட்டேள். இன்னிக்குச் சாம்பார் மாதிரி எங்காத்துல எந்தக் கல்யாணத்துலயும் வந்ததில்லைன்னு அத்தனை பேரும் சொல்றா. சந்தனம் உதிர்ந்ததும் பாத்தோம், விளிம்புல மூணு புள்ளி. எங்க சமையல்காரர் கன்னத்துல போட்டுண்டார். ராசியான அண்டாங்கறார். இன்னும் மூணு நாள் கல்யாணம் பாக்கியிருக்கு, நாங்களே வச்சுக்கறோம். அதென்ன புள்ளி? ஏதாவது சாமி பிரார்த்தனையா?"

முதலாளி தலையை ஆட்டியிருந்தால் போதும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் தட்டை வாங்கவில்லை.

"கால்வாய்க் குடிசைங்களுக்கு இனாமாக் குடுக்கற அண்டா அது," என்றார். "அங்கே போனது இங்கே கலந்துடக் கூடாதுன்னு குத்தின அடையாளம். இவன் தப்பாக் குடுத்துட்டான். குடுத்ததுக்குப் பொறுப்பு நான்."

ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ராசி என்ற சொல் அவரைக் குத்தியிருக்கலாம். கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

மாமாவின் முகம் வெளுத்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னேளா?"

"இல்லீங்க."

"சொல்லப்படாது. மூச்சு விடப்படாது. சம்பந்தி சாப்பிட்டாச்சு, சாஸ்திரிகள் சாப்பிட்டாச்சு. தெரிஞ்சுதோ, கல்யாணம் நின்னாலும் நிக்கும். வேற அண்டா குடுங்கோ, மாத்திடறேன்."

"வேற அண்டா இல்லீங்க. மிச்சம் இருந்ததுல இப்ப குடிசையில கஞ்சி காயுது."

அவருக்கு வேறு கடையிலும் அன்று கிடைக்காது. ராசியான அண்டாவை ஏன் திருப்புகிறாய் என்று சமையல்காரர் கேட்டால் என்ன சொல்வார்? தாம்பூலத்தைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்த மூன்று நாளும் அந்த வீட்டில் அதே அண்டாக்களில்தான் சமைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் மறுபடி நம் கடைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று வெளியில் சொல்லவும் அவர்களால் முடியவில்லை.

அடையாற்றுக்காரரிடம் முதலாளி அன்றே நேரில் போய் உள்ளதைச் சொன்னார். அவர் ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டு, வாசலோடு அனுப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் எல்லாப் பாத்திரமும் திரும்பி வந்து சேர்ந்தது. முதலாளி, நமக்கு வழக்கமாக ஈயம் பூசும் பாயை வரச் சொன்னார். பாய் துருத்தியும் நவச்சாரமும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஈயம் வேணாம் பாய். உளியும் சுத்தியும் போதும். மூணு மூணு புள்ளி குத்தணும்."

"எதுக்கு முதலாளி? புதுசா தர்ம சாமான் வாங்கினீங்களா?"

"இருக்கற எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா?"

"கரண்டி வரைக்கும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேலை முடிய இரண்டு நாள் ஆயிற்று. அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் இடது பக்கப் பலகையைக் கழற்றி விறகுக்குப் போட்டோம். எந்த நாளும் ஒரு சோடு கிடங்கில் இருக்க வேண்டும் என்ற சட்டம் மட்டும் நின்றது. எந்தச் சோடு என்பது போய்விட்டது.

என்னை அவர் நிறுத்தவில்லை. வேறு தண்டனை கொடுத்தார். "யார் வந்து புள்ளி எதுக்குன்னு கேட்டாலும் நீதான் பதில் சொல்லணும். உள்ளபடி சொல்லணும். இந்த அண்டா குடிசைக்கும் போகும், கோயிலுக்கும் போகும், உங்க வீட்டுக்கும் வரும். இஷ்டம்னா எடுங்க. சந்தனத்தைக் கையில் எடுத்தே, கையை உடைப்பேன்."

முதல் ஆள் கேட்டபோது உள்ளபடி சொன்னேன். அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். அடுத்தவரும் போனார். அந்த வருடமும் அடுத்த வருடமும் முகூர்த்த நாளில்கூடச் சாமான் வாடகைக்குப் போகாமல் வலது பக்கம் நிறைந்தே கிடந்தது. முதலாளி வீட்டில் அவருடைய தம்பி பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னைக் காட்டி, "இந்தப் பயலால வந்தது," என்றார். சரியாகத்தான் சொன்னார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். சிலர் கேட்டுவிட்டு எடுத்தார்கள். நிறையப் பேர் கேட்காமலே எடுத்தார்கள், கேட்டால் தெரிந்துவிடுமே என்று.

தர்மம் செய்கிற கடையில் வேலை செய்கிறோம் என்று மார் தட்டாதீர்கள். கொடுக்கிற பொருளைத் திரும்பி வந்ததும் எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். அதில் எல்லாம் தெரிந்துவிடும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

தீப்பிடித்த அந்த வருடமே ஐப்பசியில் கால்வாய் நிரம்பிக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கன்னியம்மா முழங்கால் வரை சேற்றோடு வந்தாள். இடது பக்கம் பார்த்தாள். பலகை இல்லை.

"எங்க சாமான் எங்க கீது?"

"எல்லாத்துலயும் புள்ளி இருக்கு. எது வேணுமோ எடு," என்றேன்.

அவள் நம்பவில்லை. ஒவ்வொரு அண்டாவாகத் தடவிப் பார்த்தாள். வரிசைக் கடைசியில் நசுங்கல் அண்டா இருந்தது. அதைக் கண்டதும், பழகிய சாமானாயிற்றே, அதைத்தான் எடுப்பாள் என்று நினைத்து வண்டிக்குத் தூக்கப் போனேன்.

"அத்த வெய்யி," என்றாள். "அது ஒரு பக்கமா சாயும், கஞ்சி வழியும். மாட வீதிக்காரங்களுக்கு அனுப்பு, அவங்களுக்குத்தான் ராசி. எனக்கு அந்தப் புதுசு ரெண்டையும் எறக்கு."

இறக்கினேன்.